இதை யார் சொன்னது? கல்லூரிக் கட்டுரை எழுதுவோருக்கு ஓர் அறிமுகம்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, போன மாதம் தன் அசைன்மென்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தலைப்பு, தானே புயலும் கடலூர் விவசாயமும். 2011 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தைத் தாக்கிய புயலின் பெயர்தான் தானே. பன்னிரண்டு பக்கம், அச்சடித்ததுபோல் கையெழுத்து. பேராசிரியர் மார்க் போடாமல் திருப்பிக் கொடுத்திருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு இடங்களில் ஒரே கேள்வி: "இதை யார் சொன்னது?"

"எல்லாம் நெட்ல இருக்கிறதுதான் அக்கா. நானா எதையும் இட்டுக்கட்டி எழுதல. அப்புறம் ஏன் இப்படிக் கேக்குறாங்க?" என்றாள். குரல் கம்மியிருந்தது.

அவள் வருத்தம் நியாயமானது. பள்ளியில் பன்னிரண்டு வருஷம் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மார்க் கிடைத்தது. கல்லூரியில் அதையே செய்தால் காப்பி என்கிறார்கள். இடையில் விதி மாறிவிட்டதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. "ரெஃபரன்ஸ் போடு", "சொந்தமா எழுது" என்று இரண்டு கட்டளைகள் மட்டும் வருகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதால் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மீன்கூடைக்கு முன்னால்

காலையில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போகிறோம். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா நம்மை எப்படி வாங்கவைக்கிறார்?

"பத்து வருஷமா எங்கிட்டதான வாங்குற, என்னைக்காவது கெட்டுப்போன மீன் குடுத்திருக்கேனா?" என்பார். அடுத்து, "புள்ளைக்குப் பரீட்சைன்னியே, இந்தச் சங்கராவைக் குழம்பு வெச்சுக் குடு, தெம்பா எழுதும்" என்பார். அப்போதும் நாம் தயங்கி நின்றால் பேசமாட்டார். மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே நல்ல சிவப்பு.

முதல் பேச்சில் நாம் நம்புவது அந்த அம்மாவை. இரண்டாவதில் நம் மனசு இளகுகிறது. மூன்றாவதில் மீனே சாட்சி சொல்லிவிடுகிறது.

கிரேக்கத்தில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ஒருவர் இன்னொருவரை இணங்கவைக்கும் வழிகளை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார். சொல்பவர் மேல் வரும் நம்பிக்கை எத்தோஸ். கேட்பவர் மனத்தில் எழும் உணர்வு பேத்தோஸ். சொல்லும் பொருளுக்குள்ளேயே இருக்கும் காரண காரியம் லோகோஸ். நம்பகம், உணர்வு, தர்க்கம் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: தர்க்கம் நல்லது, உணர்வு கெட்டது, நம்பகம் என்றால் பெரிய பட்டம். மூன்றுமே பிசகு.

உணர்விலிருந்து தொடங்குகிறேன். கல்லூரிக் கட்டுரையில் உணர்வே கூடாது என்று எந்த விதியும் கிடையாது. 2004 சுனாமி பற்றி எழுதும்போது தேவனாம்பட்டினத்துக் கரையை மறந்துவிட்டு எழுத யாரால் முடியும்? ஆனால் அந்த உணர்வு தகவலிலிருந்து தானாக எழ வேண்டும். "சொல்லொணாத் துயரம்" என்ற சொற்றொடர் எந்தத் துயரத்தையும் கண்முன் நிறுத்துவதில்லை. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று சொன்னால் அடைமொழியே வேண்டாம், வாசிப்பவர் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

நம்பகம் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஒருவருக்கு ஏற்கனவே இருக்கும் பெயரையும் பதவியையும் அரிஸ்டாட்டில் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பேச்சுக்குள்ளேயே, அந்தப் பேச்சின் வழியாகவே பிறக்கும் நம்பிக்கையைத்தான் அவர் சொன்னார். விவரம் தெரிந்தவர், நேர்மையானவர், நம் நன்மையை நினைப்பவர் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும்.

இருபது வயது மாணவிக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அவளுக்குப் பெயர் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் கட்டுரைக்குள் அவளால் மூன்றைச் செய்ய முடியும். படித்ததை எங்கே படித்தேன் என்று காட்டலாம். தன் கருத்துக்கு எதிரான கருத்தையும் ஒளிக்காமல் சொல்லலாம். தெரிந்த அளவுக்கு மேல் பேசாமல் இருக்கலாம். இவற்றைச் செய்தவளின் எழுத்தை, முகம் பார்க்காமலே, யாரும் நம்புவார்கள்.

ஆகவே இதுவரை பார்த்ததில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: இணங்கவைக்கும் வழிகள் மூன்று. மாணவர் எழுத்தில் நம்பகம் வரும் முக்கிய வாசல், சான்று காட்டுவது.

கூற்று, ஏது, எடுத்துக்காட்டு

கல்லூரிக் கட்டுரையின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்பார்கள். அது சட்டை அளவு மட்டும். உள்ளே இருக்கும் எலும்பு வேறு.

அந்த எலும்பை நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டிலேயே மிகத் தெளிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார். கடலூர் மாவட்டத்துப் பெண்ணாகடத்தில் பிறந்தவர் என்பது மரபு. அவருடைய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மொத்தமே 12 சூத்திரங்கள். ஒவ்வொன்றின் கருத்தும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற மூன்று படிகளில் நிறுவப்படுகிறது. அங்கே மேற்கோள் என்றால், நிறுவுவதற்கு எடுத்துக்கொண்ட கருத்து. இன்று நாம் அந்தச் சொல்லைப் பிறர் வரியை எடுத்துப் போடுவதற்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் வராமல் இருக்க, நிறுவ வேண்டிய கருத்தை இந்தக் கட்டுரையில் கூற்று என்றே சொல்கிறேன். ஏது என்பது காரணம்.

பழைய தர்க்க நூல்களில் வரும் உதாரணமே போதும். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது. இது கூற்று. ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது. இது ஏது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பும் இருப்பதை அடுக்களையில் பார்த்திருக்கிறோம். இது எடுத்துக்காட்டு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேட்பவர் அரைமனசோடுதான் தலையாட்டுவார்.

அந்தப் பெண்ணின் முதல் பத்தியை இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தோம். அவள் எழுதியிருந்தது: "தானே புயல் கடலூர் மாவட்டத்தை நிலைகுலையச் செய்தது. விவசாயிகள் சொல்லொணாத் துயரம் அடைந்தனர். இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதன் வெறும் தூசு."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மறுக்கவும் எதுவும் இல்லை. யாரும் மறுக்க வாய்ப்பே இல்லாத வரி பெரும்பாலும் கூற்றாக இருக்காது.

"சரி, நீ என்ன சொல்ல வர்ற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பண்ருட்டிப் பக்கம் இருக்கும் தாத்தாவின் தோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நெல்லுன்னா அடுத்த பட்டத்துல எடுத்திருக்கலாம் அக்கா. தாத்தாவோடது முந்திரி. மரமே போயிடுச்சு. கன்னு வெச்சு அது காய்க்கிற வரைக்கும் அவரு என்ன பண்ணுவாரு?"

"இதுதான் உன் கட்டுரை" என்றேன். அவளே எழுதிய புதிய பத்தி இப்படி வந்தது: "தானே புயலின் பாதிப்பை அந்த ஓர் ஆண்டின் விளைச்சல் இழப்பாக மட்டும் கணக்கிடுவது போதாது. பண்ருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் மரப்பயிர்கள். விழுந்த மரத்தின் இடத்தில் வைக்கும் கன்று முழுப் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும்."

முதல் வரி கூற்று, அடுத்த இரண்டும் ஏது. இனி எடுத்துக்காட்டு வேண்டும். தோட்டக்கலைத் துறையின் பரப்பளவுக் கணக்கு, வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கை, தாத்தாவிடம் எடுத்த பேட்டி எல்லாம் இங்கேதான் வந்து சேரும். தாத்தா பேச்சு சான்றாகுமா என்று தயங்கினாள். தாராளமாக ஆகும். பேட்டி கொடுத்தவரின் அனுமதி, ஊர், தேதி மூன்றையும் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தோப்பில் நடந்ததை மாவட்டம் முழுக்க நடந்ததாக நீட்டாமல் இருப்பதும் அவசியம்.

சான்று என்பது முகவரி

"அவர் கடலூரில் இருக்கிறார்" என்று சொன்னால் யாரைப் போய்த் தேடுவது? "மஞ்சக்குப்பம், இன்ன தெரு, இத்தனாம் எண் வீடு" என்றால் கதவைத் தட்டலாம். "ஆய்வாளர்கள் கூறுகின்றனர்" என்பது முதல் வகை. யார், எந்த ஆண்டு, எந்த நூல், எந்தப் பக்கம் என்று சொல்வது இரண்டாம் வகை. சான்று காட்டுதல் என்பது இந்த முகவரியைக் கொடுப்பதுதான். வாசிப்பவர் சந்தேகப்பட்டால் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வழிவிடுவது. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டியது போல.

இது மரியாதைக்காகவும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவும் செய்யும் சடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். நன்றி தெரிவிப்பது இதன் ஒரு பகுதி, உண்மைதான். ஆனால் முதல் வேலை சரிபார்க்க விடுவது. நம் இலக்கண மரபில் தொல்காப்பியர் பல விதிகளை "என்ப" என்றும் "என்மனார் புலவர்" என்றும் முடிக்கிறார். தனக்கு முன் சொன்னவர்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டே தன் நூலைக் கட்டியவர் அவர். அதனால் அவர் சொந்தமாக ஒன்றும் எழுதவில்லை என்று யாராவது சொல்வார்களா? "நிறைய ரெஃபரன்ஸ் போட்டா நான் எதுவும் யோசிக்கலன்னு நினைச்சிருவாங்களோ" என்று அஞ்சும் மாணவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

கல்லூரியில் முகவரி இரண்டு இடங்களில் வரும். வரிக்குள் அடைப்புக்குறியில் ஒரு சிறு குறிப்பு. கடைசிப் பக்கத்தில் அதன் முழு விவரம், அதாவது துணைநூற்பட்டியல். இரண்டும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். வரிக்குள் இருப்பது பட்டியலில் இல்லை என்றாலும், பட்டியலில் இருப்பது வரிக்குள் எங்கும் வரவில்லை என்றாலும் தவறு. பக்கத்தை நிரப்பப் படிக்காத நூல்களைப் பட்டியலில் சேர்ப்பது பலருக்குப் பழகிவிட்டது. அதை நான் பொய் என்றுதான் சொல்வேன்.

எந்த வடிவத்தில் எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள். ஏபிஏ, எம்எல்ஏ என்ற பெயர்களைக் கேட்டாலே பயம். இரண்டும் அமெரிக்க அறிஞர் சங்கங்கள் வகுத்த ஒழுங்குகள். முன்னது உளவியல் சங்கத்துடையது, பின்னது மொழி இலக்கியச் சங்கத்துடையது. ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு வரும். எம்எல்ஏ முறையில் பெயருக்குப் பக்கத்தில் பக்க எண் வரும். சமூக அறிவியலில் ஓர் ஆய்வு எப்போது நடந்தது என்பது பெரிய விஷயம். இலக்கியத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயம். இந்தக் காரணம் புரிந்தால் பாதி பயம் போய்விடும். மீதி, துறையில் கொடுக்கும் மாதிரியைப் பார்த்துக் காற்புள்ளி வரை அப்படியே பின்பற்றுவது.

தமிழ்ப் பெயர்களில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு, தலைப்பெழுத்துதான். உ.வே. சாமிநாதையர் பெயரில் உ என்பது உத்தமதானபுரம், வே என்பது தந்தையின் பெயர். பட்டியலில் அவரை "சாமிநாதையர், உ.வே." என்று சகர வரிசையில்தான் வைக்க வேண்டும். அவருக்கு உரிய பெயர் அது.

ஆண்டு எதற்கு? அரிக்கமேட்டைப் பாருங்கள்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. வரலாறு படிக்கும் பிள்ளைகள் எப்படியும் ஒரு கட்டுரையாவது இதைப் பற்றி எழுதுவார்கள். "அரிக்கமேடு ரோமானியரின் வணிக நிலையம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்" என்ற வரி அதில் தவறாமல் இருக்கும்.

எந்த ஆய்வாளர்? பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழாய்வு நடத்தினார். மறு ஆண்டு அறிக்கை வெளிவந்தது. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மண்பாண்டங்களையும் மதுச் சாடிகளையும் வைத்து, இந்திய-ரோம வணிக நிலையம் என்று அதை அவர் அடையாளப்படுத்தினார். பிறகு 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அந்தச் சான்றுகளை மறுபடியும் பரிசீலித்து ஒரு கட்டுரை எழுதினார். 1989 முதல் 1992 வரை அவரே அங்கு அகழாய்வும் நடத்தினார். ரோம வணிகம் வந்து சேர்வதற்கு முன்பே இயங்கிவந்த ஊர் அது, அதன் ஆயுள் வீலர் நினைத்ததைவிட நீளமானது என்ற பார்வை வலுப்பெற்றது.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். "ஆய்வாளர்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒருவரோடொருவர் மாறுபடும் இரண்டு பேர் மறைந்துபோகிறார்கள். நடுவில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு வாதமும் காணாமல் போகிறது. "வீலர் (1946) இப்படிக் கருதினார், பெக்லி (1983) அதை இப்படித் திருத்தினார்" என்று எழுதிய மறுநிமிடமே கட்டுரைக்கு உயிர் வந்துவிடும். அடுத்த வரியில் "எனக்கு இவர் சொல்வது ஏற்புடையதாக இருக்கிறது, காரணம்…" என்று மாணவர் தன் குரலில் பேசலாம். "சொந்தமா எழுது" என்ற கட்டளைக்கு இதுதான் பொருள். பிறரைச் சரியாகப் பெயர் சொல்லி நிறுத்திவைத்தால்தான் அவர்களுக்கு நடுவே நாம் நிற்க இடம் தெரியும்.

மூலச் சான்று, துணைச் சான்று என்ற பிரிவும் இங்கேயே தெளிவாகும். நிகழ்ச்சியின் காலத்திலேயே, அதை நேரில் அறிந்தவர் விட்டுச்சென்றது மூலச் சான்று. அதைப் பற்றிப் பின்னால் ஒருவர் எழுதுவது துணைச் சான்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேவின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு மூலச் சான்று. அதை வைத்து இன்று ஒருவர் எழுதும் புத்தகம் துணைச் சான்று. அந்தப் புத்தகத்தில்தான் பிள்ளையின் வரியைப் படித்தேன் என்றால், அந்தப் புத்தகத்தில் எடுத்துக்காட்டியபடி என்றே எழுத வேண்டும். நாட்குறிப்பையே புரட்டியதுபோல் காட்டக் கூடாது. 1904க்கும் 1928க்கும் இடையில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் பார்த்தேன் என்றால், அதையும் சொல்லிவிட வேண்டும். நாம் எந்த வாசலில் நின்று பார்த்தோமோ அந்த வாசலின் முகவரிதான் நம் சான்று.

சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடுமா?

பிறர் எழுத்தை நம் எழுத்துக்குள் கொண்டுவர மூன்று வழி உண்டு. வரியை அப்படியே இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுவது. நம் சொற்களில் திருப்பிச் சொல்வது. நீண்ட பகுதியைச் சுருக்கித் தருவது. மூன்றுக்கும் சான்று வேண்டும். மேற்கோள்குறி போட்டதற்கு மட்டும்தான் சான்று, மற்றதற்கு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சொற்கள் நம்முடையவை ஆனாலும் கருத்து அவருடையதுதானே?

இடறுவது நடுவில் உள்ள வழியில்தான். நானே ஒரு மாதிரி வரி எழுதித் தருகிறேன். ஒரு நூலின் 45ஆம் பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "விசைப்படகுகள் பெருகிய பின் கட்டுமர மீனவர்கள் தொலைவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள்; கரையோர மீன்களையே நம்பத் தொடங்கினார்கள்."

ஒரு மாணவர் இதைத் "தன் சொற்களில்" எழுதுகிறார்: "மோட்டார் படகுகள் அதிகரித்த பிறகு கட்டுமரக்காரர்கள் தூரமாகச் செல்வதைக் குறைத்தனர், கரைப்பக்க மீன்களையே நம்பினர்." வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, தோலை மட்டும் மாற்றியிருக்கிறார். அடியில் சான்று போட்டாலும் இது முறையான மறுகூற்று ஆகாது.

நூலை மூடிவைத்துவிட்டு, இவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் வேறு மாதிரி வரும்: "படகு மாறியபோது கடலும் பங்கு பிரிந்தது என்பது இன்னாரின் பார்வை. ஆழம் விசைப்படகுக்கு, கரையோரம் கட்டுமரத்துக்கு (இன்னார், 2010, ப. 45)." கருத்து மாறவில்லை. ஆனால் எழுதியவர் அதைச் செரித்திருக்கிறார்.

வழிநூல் எப்படிப் பிறக்கும் என்று சொல்லும் இடத்தில் தொல்காப்பியம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கைக் காட்டுகிறது. முதல் நூலிலிருந்து எடுத்துச் செய்வதையே ஒரு கலையாக, பெயர் வைத்துப் பிரித்துப் பார்த்த மொழி இது. மொழிபெயர்ப்பும் அந்த நான்கில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். ஆகாது. வழிநூலுக்கு முதல் நூல் என்று ஒன்று உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும்.

சுருக்கமாக, வரியை எடுத்தாலும் கருத்தை எடுத்தாலும் மொழி மாற்றி எடுத்தாலும் முகவரி கூடவே வர வேண்டும்.

பத்து சதவீதம் என்ற கதை

"பத்து பர்சென்ட் வரைக்கும் காப்பி அடிக்கலாமாம்" என்று கல்லூரி வட்டாரங்களில் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். இது எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதுதான் கருத்துத் திருட்டு. அந்த விதிமுறையில் ஆய்வேடுகளுக்கு ஒப்புமை அளவை வைத்துப் படிகள் வகுத்திருக்கிறார்கள். 10 சதவீதம் வரை சிறு ஒப்புமை, தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இதில் அளப்பது ஒப்புமையை. மென்பொருள் இரண்டு எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எண்ணும். திருடியது எது, தற்செயலாக ஒத்தது எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவற்றைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவான சொற்றொடர்கள் தற்செயலாக ஒத்துப்போவது சகஜம். அந்தப் பத்து காப்பியடிக்கக் கொடுத்த அனுமதி அல்ல. ஒருவருடைய முக்கியமான கண்டுபிடிப்பை ஒரே ஒரு பத்தியில் பெயர் சொல்லாமல் எடுத்துப் போட்டால் ஒப்புமை இரண்டு சதவீதம்தான் காட்டும். ஆனால் அது முழுத் திருட்டு.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டுமா என்றால், வேண்டாம். கடலூர் வங்கக் கடலோரம் இருக்கிறது என்பதற்கு யாரும் கேட்கப்போவதில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது என்பதும் எல்லா இடத்திலும் ஒரேபோல் கிடைக்கும் தகவல். ஆனால் காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் என்று எழுதினால், வானிலை ஆய்வுத் துறையின் பெயரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை அளந்து சொன்னவர்கள் அவர்கள். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாக ஒரு சான்று போட்டதற்காக யாருக்கும் மார்க் குறைந்து நான் பார்த்ததில்லை.

இயந்திரம் தரும் பட்டியல்

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் "பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று கேட்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்தப் பட்டியலில் சில நூல்கள் உலகத்திலேயே இருக்காது. ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், தலைப்பு நம்பும்படி இருக்கும், ஆண்டும் பக்கமும் இருக்கும், ஆனால் அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதும் இயந்திரம் அது, அதனால் முகவரி போலத் தோன்றும் ஒன்றை வெகு எளிதாக உருவாக்கிவிடும். அந்த வீட்டுக் கதவை நாமே போய்த் தட்டிப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. விக்கிப்பீடியாவை வழிகாட்டிப் பலகையாக வைத்துக்கொள்ளலாம். அதன் அடியில் தந்திருக்கும் நூல்களைத் தேடிப் போய்ப் படித்துவிட்டு, அந்த நூல்களைச் சான்றாகக் காட்டலாம்.

தேடிப் போக நமக்கு இடங்களும் உண்டு. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

படிக்கும்போதே குறித்துக்கொள்வது

பெரும்பாலான தவறுகள் எழுதும்போது நடப்பதில்லை, படிக்கும்போது நடக்கின்றன. நோட்டில் எதையோ எழுதிவைப்போம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அது நூலின் வரியா, நம் வரியா என்று நமக்கே தெரியாது. அது அப்படியே கட்டுரைக்குள் போய்விடும். கெட்ட எண்ணமே இல்லாமல் கருத்துத் திருட்டு நடக்கும் வழி இது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு எளிய ஏற்பாடு சொல்லிக்கொடுத்தேன். ஒரு நூலைத் திறந்ததும், ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன், அதன் முழு முகவரியைத் தாளின் உச்சியில் எழுது: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், ஊர். இணையம் என்றால் பார்த்த தேதியும் சேர்த்து. கீழே எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் ஓர் எழுத்து போடு. அப்படியே எடுத்த வரிக்கு "மே", சுருக்கி எழுதியதற்கு "சு", உனக்குத் தோன்றியதற்கு "நா". ஓரத்தில் பக்க எண்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். தோட்டக்கலைத் துறைக் கணக்கு ஒன்று, புயல் அறிக்கை ஒன்று, தாத்தா பேட்டி இரண்டு பக்கம். "மே" ஆறு இடத்தில் இருந்தது, "சு" பதினொன்று. "நா" முதல் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒன்று வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் நான்கு.